மற்றப் பக்கத்துக் கப்டன்

பேத்தி நண்பகல் ளுஹர் தொழுகைக்குக் கை கால் கழுவி ஒழுச் செய்யப் போகுமுன் நகப்பூச்சை அழித்துக்கொண்டிருந்தாள். கலியாண வீடொன்றுக்குப் போய் வந்த கை. ஜன்னலோரம் இருந்து, பஞ்சில் ஏதோ ஒரு திரவத்தை நனைத்துத் தேய்க்கத் தேய்க்க அந்த நெடி கூடம் முழுக்கப் பரவியது. பேப்பர் வாசித்துக்கொண்டிருந்த நான் எழும்பி வாசலுக்குப் போய்விட்டேன். "மணம் ஒத்துக்கொள்ளல்லயா?" என்று கேட்டாள். ஓம் என்றேன். வேறு என்ன சொல்ல? ஸ்டென்சில் தாளில் விழுந்த எழுத்துப் பிழையை மூட நீ சின்னத் தூரிகையால் ஒரு சிவப்பு மை தடவுவாயே, அதன் மணம் அப்படியே இதுதான் என்று சொன்னால், ஸ்டென்சில் என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டும். தொடங்கினால் உன்னில்தான் வந்து நிற்கும். அதனால் அவளுக்குச் சொல்லவில்லை. உனக்கே எழுதுகிறேன்.

கல்முனைக் கடைத்தெருவில் கீழே என் றேடியோ திருத்தும் கடை. மேலே நீ கணிதம் படிப்பித்த டியூட்டரி. பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்தவர்கள் நாம். நீ கம்பஸுக்குப் போய்ப் பட்டத்தோடு திரும்பியும் அரசாங்க வேலை கிடைக்கவில்லை. காலையில் காரைதீவிலிருந்து சைக்கிளில் வருவாய். சைக்கிளை என் கடைச் சுவரில் சாத்துவாய். பால் விடாத பிளேன்டீ குடித்து, என்னோடு ஒரு சண்டை பிடித்து, அதன் பிறகுதான் மேலே ஏறுவாய். சண்டை எப்போதும் புத்தகத்தைப் பற்றியதாகவே இருக்கும்.

அந்தப் புத்தகங்கள் வந்த வழியை நீ எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பாய். எனக்கு மூத்தவ ராத்தா; அவவின் மாப்பிள்ளைக்கு ஜித்தாத் துறைமுகத்தில் வேலை. லீவில் வரும்போது எனக்கென்று கசெட் றேடியோ கொண்டுவருவார். அது அடிபடாமல் இருக்க, வெள்ளைக்காரர்கள் வாசித்துவிட்டு விடுதியில் போட்டுப்போன ஆங்கில நாவல்களைச் சுற்றிவர அடைத்திருப்பார். அட்டை கிழிந்த விண்வெளிக் கதைகள். எல்லாம் ஒரே தொடரைச் சேர்ந்தவை. எங்கோ ஒரு நாட்டில் டீவியில் ஓடிப் பெயரெடுத்த தொடராம். அதை ஒட்டி எழுதப்பட்ட நாவல்களாம். நம் ஊரில் டீவிப் பெட்டியையே கண்டிராத காலம் அது. படத்தைப் பார்க்காமலே அதற்கு ரசிகர்களாகிப்போனவர்கள் நாம்.

நாரை என்ற விண்கப்பல். அதற்குக் கப்டன் மெரிக். நெருப்புப் பிடித்த ஒரு விண்நிலையத்தில் எதிரி நாட்டுச் சனம் அகப்பட்டு நிற்கிறது. தன் மேலிடத்தின் கட்டளையை மீறி மெரிக் கப்பலின் கதவைத் திறந்து அவர்களை ஏற்றுகிறான். அதிலிருந்து சமாதானம் பிறக்கிறது. நான் வாசித்த நாவல்களின் கதை இது. உன் கையில் முதலில் அகப்பட்டதோ வேறு வரிசை. அதே கப்பல், அதே ஆட்கள். பிரபஞ்சம் மட்டும் வேறு. அங்கே மெரிக் கதவைத் திறக்கவில்லை. யுத்தம் நிற்கவே இல்லை. நாரை போர்க்கப்பலாகிறது. கப்பலில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகச் சாகிறார்கள். அந்த வரிசைக்கு நீதான் மற்றப் பக்கம் என்று பெயர் வைத்தாய்.

"இது கள்ளப் புத்தகம்டா," என்று நான் ஒருநாள் அடித்துச் சொன்னேன். "உண்மையான மெரிக் கதவத் திறந்தவன். இது அவன்ட பேர வச்சி வேற ஒருத்தன எழுதிரிக்கி."

"ஆர் சொன்ன, அவன்தான் உண்மையானவன் எண்டு? நீ அத முதல்ல வாசிச்சதாலயா? நான் முதல்ல வாசிச்சது இது. எனக்கு உன்ட கப்டன்தான் கள்ளன்."

"டீவியில வந்தது அதுதானே."

"நீ டீவியில கண்டயா?"

நீ தேத்தண்ணிக் கிளாசைக் கீழே வைத்துவிட்டு, பகிடியை விட்டுச் சொன்னாய்: "உன்ட பக்கத்தில அந்தக் கப்பல் டொக்டர் அம்மாவ எத்தின தரம் சுட்டாலும் அடுத்த புத்தகத்தில எழும்பி வந்திருவா. டீவிக்கு அவ தேவை. இதில செத்தா செத்ததுதான் மச்சான். அதாலதான் வாசிக்கக்குள்ள நெஞ்சு அடிக்கிது."

"எழுதினவனுக்குப் பொறுப்பில்ல. எப்பிடியும் இது கணக்கில வராது எண்டு தெரிஞ்சி, கண்டபாட்டுக்குக் கொல்லுறான்," என்றேன். இன்றைக்கும் அதுதான் என் கருத்து.

இந்தச் சண்டையைத் தாளில் போட்டால் என்ன என்று கேட்டதும் நீதான். டியூட்டரியில் பாடக்குறிப்பு அடிக்கிற ரோணியோ இயந்திரம் இருந்தது. நாம் வாசித்து முடித்த புத்தகங்கள் ஊருக்குள் சுற்றின: பாண்டிருப்பில் தபால் கந்தோரில் வேலைசெய்த ஒருவர், நற்பிட்டிமுனையில் வயலும் செய்து ஆங்கிலமும் படிப்பித்த ஒரு வாத்தியார், உன்னிடம் படித்த சில பெடியன்கள். அவரவர் கருத்தை எழுதித் தந்தார்கள். நீ தட்டச்சுச் செய்து, சிவப்பு மையால் பிழை மூடி, சுற்றி எடுத்து, "மற்றப் பக்கம்" என்று தலைப்பிட்டுக் கொடுத்தாய். பாண்டிருப்பு ஆள் என் கட்சி. வாத்தியார் உன் கட்சி.

ராத்தா ஒருவர் கட்சியிலும் சேரவில்லை. மாப்பிள்ளை வெளிநாட்டில்; பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனதும் அகராதியை மடியில் வைத்து அந்தப் புத்தகங்களை அவ வாசித்து முடித்தது எனக்கே தெரியாது. ஒருநாள் நீ எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தபோது, கறிச்சட்டியை வைத்துவிட்டு நின்றபடி சொன்னா:

"தம்பி, ரெண்டு புத்தகத்திலயும் கப்டன்ட மனக்கவலையத்தான் பக்கம் பக்கமா எழுதிரிக்கி. திறக்கிறதா, திறக்காம விடுறதா எண்டு. கதவுக்கு வெளிய பிள்ளையத் தூக்கிக்கு நிண்ட பொம்புளைகள் என்ன நினைச்ச எண்டு ஒரு வரி இல்ல. இவனுகளுக்கு அவங்க ஒரு கூட்டம், அவ்வளவுதான்."

நீ சோற்றிலிருந்து கையை எடுத்தாய். "ராத்தா, இத எழுதித் தாங்க," என்றாய். "எழுத ஏலா. நீங்களே எழுதிக்கங்க," என்றுவிட்டுப் போய்விட்டா. அந்த மாதத்து முதல் பக்கத்தில் அவவின் கருத்துத்தான் வந்தது. அதற்கு மறுப்பு எழுத நானும் முயன்றேன், நீயும் முயன்றாய். இருவருக்கும் சரிவரவில்லை.

பிறகு காலம் கெட்டது. பெடியன்கள் வள்ளத்தில் ஏறிக் கடலுக்கு அங்கால போனார்கள். உன் தமிழ் ஊருக்கும் என் முஸ்லிம் ஊருக்கும் இடையில் ரோட்டில் டயர் எரிந்த நாள்களும் வந்தன; நேற்றுவரை மாமன் மச்சான் என்று கதைத்தவர்கள் வேலிக்கு வேலி தடியோடு நின்றார்கள். அந்தக் கிழமைகளில் நீ வரவில்லை. வரவேண்டாம் என்று ஆள் அனுப்பியிருந்தேன். ரோட்டுத் திறந்த அன்று காலையிலேயே உன் சைக்கிள் மணி கேட்டது. தேத்தண்ணியை நீட்டினேன்; வாங்கி ஊதி ஊதிக் குடித்தாய். பிறகு நீ, "மற்றப் பக்கத்தில புதுப் புத்தகம் வந்திரிக்கா?" என்று கேட்டாய். அன்று உன்னைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல் இருந்தது.

டியூட்டரியில் பிள்ளைகள் குறைந்துகொண்டே போனார்கள். நீ தாளை விடவில்லை. கடைசி இதழுக்கு ஸ்டென்சில் வெட்டிக்கொண்டிருந்த காலையில்தான் ஆமிக்காரர்கள் கடைத்தெருவைச் சுற்றிவளைத்தார்கள். என்னை வெளியே நிறுத்திவிட்டு மேலே ஏறினார்கள். ரோணியோ இயந்திரத்தைக் கண்டதுமே அவர்களுக்குப் போதும். அந்த நாளில் இயக்கத்துத் துண்டுப்பிரசுரம் அடிக்கிற இயந்திரம் அது. தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவன் ஸ்டென்சிலை வெளிச்சத்தில் பிடித்து உரக்க வாசித்துக்கொண்டே படியிறங்கினான்.

"நாரை மற்றப் பக்கம் போய்விட்டது. கப்டன் இனிக் கதவைத் திறக்கமாட்டார்."

அது உன் கட்டுரையின் முதல் இரண்டு வரி. மற்றப் பக்கம் என்றால் அந்தக் காலத்தில் சின்னப் பிள்ளைக்கும் ஒரே அர்த்தம்தான்: கடலுக்கு அந்தப் பக்கம், ஆயுதப் பயிற்சி. கப்டன் என்றால் அதற்கும் ஒரே அர்த்தம்: இயக்கத்துத் தலைவன். உன் கையைப் பின்னால் கட்டி ஜீப்பில் ஏற்றினார்கள். "சேர், அது ஒரு கதை, கதைப் புத்தகம்," என்று நான் கத்தினேன். துவக்குப் பிடியால் தோளில் ஒன்று விழுந்தது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். ராத்தா அலுமாரியைத் திறந்து புத்தகங்களை ஒரு சீலைத்துண்டில் கட்டினா.

"கொண்டுபோய்க் காட்டுவம்."

"நீங்க வேணாம் ராத்தா. நான் போறன்."

"இந்தப் புத்தகம் என்ட மாப்பிள கொண்டுவந்தது. எங்கால வந்த எண்டு கேட்டா நீ என்ன சொல்லுவாய்? உன்னையும் பிடிச்சி வச்சிக்குவானுகள். பொம்புளையோட போனா கொஞ்சம் யோசிப்பானுகள்."

மறுநாள் முகாம் வாசலில் காலையிலிருந்து நின்றோம். உன் அம்மா எங்களுக்கு முன்னமே வந்து மணலில் இருந்தா. அவவை உள்ளே விடவில்லை. வெயில் சாய்ந்த பிறகு எங்கள் இருவரையும் கூப்பிட்டார்கள். மேசைக்குப் பின்னால் ஆங்கிலம் பேசுகிற ஒரு இளம் அதிகாரி. பக்கத்தில் ஸ்டென்சிலை வாசித்த அதே ஆள், மொழிபெயர்க்க. உன்னைக் கொண்டுவந்தார்கள். உடுத்திருந்த சேட் உன்னுடையதல்ல. ஒரு கண் மூடிக் கிடந்தது.

நாரை என்பது யார் என்று கேட்டார்கள். "ஒரு கப்பல், சேர்," என்றேன். எங்கே நிற்கிறது? "வானத்தில, சேர்." மொழிபெயர்க்கிறவன் மேசையில் ஓங்கி அடித்தான். ராத்தா முந்தானைக்குள்ளிருந்த புத்தகக் கட்டை அவிழ்த்து, மெதுவாக, கப்பல் படம் போட்ட அட்டை மேலே தெரிய மேசையில் வைத்தா. அதிகாரி ஒன்றை எடுத்துப் புரட்டினார். கொஞ்ச நேரம் உண்மையாகவே வாசித்தார். ஒரு கணம் எனக்கு நம்பிக்கை வந்தது.

பிறகு நிமிர்ந்து, "இதில் யார் வெல்கிறார்கள்?" என்று கேட்டார்.

"ஒருத்தரும் இல்ல, சேர். அது பொய்க் கதை. அப்பிடி ஒரு உலகமே இல்ல. முழுக்கப் பொய்," என்றேன்.

அப்போது நீ தலையைத் தூக்கி மற்றக் கண்ணால் என்னைப் பார்த்தாய். வெடித்த உதட்டில் சிரிப்பு வந்தது. "இப்பயும் அதத்தான் சொல்லுறயா, மச்சான்?" என்றாய். சத்தமே வரவில்லை, காற்றுத்தான் வந்தது.

"என்ன சொல்லுறான்?" என்று மொழிபெயர்க்கிறவன் பாய்ந்தான்.

ராத்தா கண் இமைக்காமல் சொன்னா: "தண்ணி கேக்கிறார், சேர்."

தண்ணீர் கொடுத்தார்கள். நீ குடித்ததை நாங்கள் பார்த்தோம். அதைத்தான் அன்றைக்கு எங்களால் செய்ய முடிந்தது. புத்தகங்களை வைத்துக்கொண்டார்கள். உன்னையும் வைத்துக்கொண்டார்கள். பிறகு தெற்கே எங்கோ ஒரு சிறைக்கு அனுப்பியதாகக் கேள்விப்பட்டோம்.

ஒரு வருசத்துக்கும் மேலே ஆகி நீ வந்தாய். இடது காது கேட்காது. என் கடையில் வந்து இருந்தாய்; பிளேன்டீயை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தாய். கேட்கக்கூடாது என்று நான் இருந்தேன். நீயாகச் சொன்னாய்.

"ஒவ்வொரு நாளும் அந்தக் கதையச் சொல்லச் சொல்லுவானுகள். நேத்துச் சொன்ன மாதிரி இண்டைக்குச் சொல்லாட்டி அடி. ஆர் முதல்ல செத்த, ஆர் பிறகு செத்த, கப்டன் இப்ப எங்க. கடைசியில எனக்கே குழம்பிப்போச்சி. உன்ட பக்கம், என்ட பக்கம், எல்லாம் ஒண்டாப்போச்சி." கொஞ்சம் நிறுத்தினாய். "பிறகு ஒருநாள் மெரிக்கச் சாகடிச்சன். நானாத்தான். புத்தகத்தில இல்ல அது. ஆள் செத்திட்டான் எண்டா தேடத் தேவையில்லத்தானே. அதுக்குப் பிறகு பெரிசாக் கேக்கல்ல."

"நல்லதாப்போச்சி," என்றேன்.

"சொல்லக்குள்ள அழுதிட்டன் மச்சான். அவனுகள் நம்பினது அதாலதான்."

ராத்தாவின் மாப்பிள்ளை அடுத்த லீவில் கொண்டுவந்த புத்தகங்களை நான் எடுத்து நீட்டவும் நீ கை நீட்டவில்லை. வீட்டில் சில பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தாய். கல்முனைக்கு வருவதும் குறைந்தது. வந்தாலும் நமக்குள் சண்டை இல்லை. நான் வேண்டுமென்றே உன்னைச் சீண்டிப் பார்ப்பேன். நீ தலையை ஆட்டிவிட்டு வெளியே ரோட்டைப் பார்ப்பாய்.

எண்பதுகள் முடிகிற காலம், சீருடைகள் மாறி மாறி வந்தன. யார் எதற்குப் பிடிக்கிறார்கள் என்று எவருக்கும் தெரியாது. ஒரு பகலில், பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதச் சோக்குக் கட்டி வாங்கி வருகிறேன் என்று நீ வீட்டிலிருந்து சைக்கிளில் புறப்பட்டிருக்கிறாய். கல்முனைக்கு நீ வந்து சேரவில்லை. சைக்கிளும் கிடைக்கவில்லை. போய்க் கேட்ட இடமெல்லாம் ஒரே பதில்: எங்களிடம் இல்லை. உன் அம்மாவோடு நானும் ராத்தாவும் ஏறாத வாசலில்லை. புதைத்த இடமென்று ஒன்று இருந்தால் அங்கே போய் நிற்கலாம். அதுவும் இல்லை.

ஒருநாள் உன் வீட்டுக்குப் போயிருந்தோம். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டா.

"மனே, அவன் மற்றப் பக்கம்தான் போயிருப்பான், என்ன? அவனுகளும் வீட்ட வந்து அதத்தானே கேட்டானுகள். நீயும் அவனும் எப்ப பாத்தாலும் அதத்தானே கதைக்கிற. உனக்குத் தெரியாம இராது. அங்க எப்பிடி?"

அப்படி ஓர் உலகம் இல்லை என்று உன்னிடம் வருசக்கணக்காக வாதாடியவன் நான். முகாமில் மேசைக்கு முன்னால் நின்று சொன்னவனும் நான். ராத்தாவைப் பார்த்தேன். அவ நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தா.

"பள்ளிக்கூடம் ஒண்டில கணக்குப் படிப்பிக்கிறான், அம்மா," என்றேன்.

"ஆர் சமைச்சிக் குடுக்கிற?"

"அவனேதான். உறைப்புக் கூடிப்போகுதாம்."

"அவனுக்கு உறைப்பு ஏலாதே," என்று அம்மா சிரித்தா. நீ போன பிறகு அவ சிரித்ததை அன்றுதான் கண்டேன்.

அதன் பிறகு போகும்போதெல்லாம் கேட்டா. நான் சொன்னேன். உனக்கு வீடு கட்டினேன், பெண் பார்த்தேன், காதுக்கு வைத்தியம் செய்தேன். அம்மாவின் ஞாபகம் பொல்லாதது. "போன முறை மாடிவீடு எண்டாய், இப்ப கிணத்தடிக்குக் கிட்டப் படுக்கிறான் எண்டுறாய்?" என்று பிடித்துவிடுவா. நான் தடுமாறித் தடுமாறிப் பொருத்துவேன். நேற்றுச் சொன்னதையே இன்றும் சொல்ல வேண்டிய இடத்தில் நீ இருந்த நாள்களை அப்போது நினைத்துக்கொள்வேன். என் எதிரே இருந்தது ஒரு தாய். உன் எதிரே இருந்தவர்கள் அடிப்பதற்கென்றே இருந்தவர்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸுக்குள் ராத்தா ஒருநாள் சொன்னா: "நீ சொல்லுற மற்றப் பக்கத்தில ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கிதில்ல. ஒருத்தரும் சாகிறல்ல. உன்ட கூட்டாளி இத வாசிச்சிருந்தா கிழிச்சி எறிஞ்சிருப்பார்."

"நிப்பாட்டவா?"

"வேணாம்," என்றா. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தா. "அவ கேக்கிறவரைக்கும் சொல்லு."

சுனாமிக் கடல் ஊருக்குள் வந்த அந்த மார்கழிக்கு முன்பே அம்மா போய்விட்டா. நோயில் கிடந்த கடைசி நாள்களில் அவ என்னிடம் கேட்டது, உனக்குப் பிள்ளைகள் எத்தனை என்று. ஒரு மகள் என்றேன். பெயர் கேட்டா. அம்மாவின் பெயரையே சொன்னேன். அவ கண்ணை மூடிக்கொண்டா. நம்பினாவா, இல்லையா என்று எனக்குத் தெரியாது. ராத்தாவும் இப்போது இல்லை.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பல பிரபஞ்சம் என்பது சாதாரணக் கதை. கைபேசியில் பார்த்துவிட்டு எது அசல், எது நகல் என்று நம்மைப்போலவே சண்டை பிடிக்கிறார்கள். கேட்டால் நான் என் கருத்தை மாற்றவில்லை என்றுதான் சொல்வேன். எங்கோ ஓரிடத்தில் வேறுமாதிரி நடந்திருக்கும் என்று ஆறுதல் சொல்கிற புத்தகம் எனக்கு வேண்டாம். நடந்தது ஓரிடத்தில்தான். அது நம் ரோட்டில், ஒரு பகலில், உனக்கு நடந்தது.

ஆனால் அம்மா போன பிறகும் என்னால் நிறுத்த முடியவில்லை, மச்சான். கேட்பதற்கு ஆளில்லாமலே கதை நடந்துகொண்டிருக்கிறது. நீ பென்சன் எடுத்துவிட்டாய். மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டாய். போன மாதம் கண்ணில் புரை வெட்டினார்கள். சொட்டு மருந்து எரிகிறது என்று குறைபட்டுக்கொண்டிருக்கிறாய். புதுக் கண்ணாடி போடச் சொல்லியிருக்கிறார்கள். நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று கடத்திக்கொண்டிருக்கிறாய்.